கரும்பலகையில் இருந்தது

கெட்டில்கில்
12 அக்டோபர் 2010, செவ்வாய்

அன்புள்ள கிளிஃப்,

உன் மகள் வீட்டு விலாசத்தை பெவ்விடம் கேட்டு வாங்கினேன். பப் நடத்துகிறவளிடம் விலாசம் கொடுத்துவிட்டுப் போகத் தெரிந்த உனக்கு, முப்பது வருடமாக வியாழக்கிழமை தவறாமல் எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறவனிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. மறுநாள் காலையில் ரயில் ஏறப் போகிறவன், என் வண்டியை விட்டு இறங்கும்போது "சரிடா மாரிஸ், பாக்கலாம்" என்றுதானே சொன்னாய். போகட்டும். பேரன் பிறந்த அவசரம் என்று பெவ் சொன்னாள். ஜில்லுக்கு என் வாழ்த்தைச் சொல்.

இதை உனக்குத் தொலைபேசியில் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும், அது குழந்தை இருக்கிற வீடு. அதனால் எழுதுகிறேன்.

என்னை யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

நேற்று ஓட்டுநர் உரிமம் வழங்கும் அலுவலகத்திலிருந்து ஒரு காகிதம் வந்தது. எழுத்து அவ்வளவு பொடி, பூதக்கண்ணாடி வைத்து இரண்டு தடவை படித்தேன். என் பார்வை பற்றி "உங்களை நன்கு அறிந்த ஒருவர்" அவர்களுக்கு எழுதியிருக்கிறாராம். இருபத்தேழாம் தேதி ஸ்கெல்பர்னில் கண் பரிசோதனைக்கு வர வேண்டுமாம். அதுவரை வண்டியைத் தொடக் கூடாதாம். இந்த மலைப்பாதையில் நாற்பத்தொரு வருடம் பால் லாரி ஓட்டியவன் நான். பனியில், மூடுபனியில், ஆட்டு மந்தைக்கு நடுவில் ஓட்டினேன். ஒரு கீறல் உண்டா? நீயே சொல்.

ஹெட்லியாக இருக்கும் என்று நினைக்கிறேன். போன மாதம் டாமினோவில் தோற்றதிலிருந்து என் முகத்தைப் பார்க்கவே மாட்டேன் என்கிறான். அவன் பெண்டாட்டி டோரீனும் அப்படித்தான், வழியில் கண்டால் ஒதுங்கி நிற்கிறாள். இல்லையென்றால் பழைய பள்ளிக்கூடத்தை வாங்கிக் குடிவந்திருக்கும் லீட்ஸ்காரர்கள். யாராக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன்.

எனக்கு வண்டி எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் ஆட்ரிக்குப் பக்கவாதம் வந்து ஸ்கெல்பர்ன் பராமரிப்பு விடுதியில் சேர்த்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஞாயிறு, செவ்வாய், வெள்ளி, மதியம் இரண்டு மணிக்கு நான் போய் நிற்க வேண்டும். பேச்சு போய்விட்டாலும் அவளுக்கு மணி தெரியும், நாள் தெரியும். ஒன்றேமுக்காலுக்கே கதவைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள் என்று அங்கிருக்கும் நர்ஸ் சொல்கிறாள். பதினாறு மைல். புதன்கிழமைச் சந்தைக்கு மட்டும்தான் பஸ், அதுவும் விடுதியில் பார்க்க விடும் நேரத்துக்கு முன்பே திரும்பிவிடும். இன்று செவ்வாய். நான் போகவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்.

அதனால் நீ எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். செப்டம்பர் 30ஆம் தேதி நீயும் நானும் பெவ்வின் பிளாக் டப் பப்பில் சாப்பிட்டோம். உனக்கு முதுகுவலி என்று என் நாற்காலியை எடுத்துக்கொண்டு, என்னைக் கரும்பலகைக்கு நேர் எதிரே உட்கார வைத்தாய். "இன்னைக்கு என்ன போட்டிருக்கா, படிடா, என் கண்ணாடி வீட்டுல இருக்கு" என்றாய். நான் மொத்தத்தையும் மேலிருந்து கீழே படித்தேன். ஈரலும் வெங்காயமும், மசித்த உருளைக்கிழங்கு, ஆட்டுக்கால், கடைசியில் கஸ்டர்ட் ஊற்றிய கேக். பத்தடி தூரத்திலிருந்து, சாக்பீஸ் எழுத்தை. இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. முப்பத்தைந்து வருடம் இந்தப் பள்ளத்தாக்கில் தபால் கொடுத்தவன் நீ, உன் வார்த்தைக்கு ஒரு மதிப்பு உண்டு.

இதையும் எழுது. பப்பிலிருந்து திரும்பும்போது தபால் பெட்டி முன்னால் நிறுத்தச் சொன்னாய். நான் வண்டி விளக்கைப் பெட்டிமேல் அடித்தேன். அந்த வெளிச்சத்தில் ஒரு கடிதத்தைப் போட நீ மூன்று தடவை தடுமாறினாய். வாழ்நாளெல்லாம் தபால்காரன், துவாரம் தெரியவில்லை. நம் இரண்டு பேரில் யாருக்குக் கண் கெட்டுப்போயிற்று என்று அந்த அலுவலகம் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்று இரண்டு சுற்று பீரும் நீயே வாங்கிவிட்டாய். என் முறை வரும்போது எழுந்து ஓடினாய். பேரன் வருகிற சந்தோஷம் என்று இப்போது புரிகிறது. அடுத்த வியாழன் என் முறை.

உன்
மாரிஸ்


பிளிமத்
16 அக்டோபர்

அன்புள்ள மாரிஸ்,

உன் கடிதம் நேற்று வந்தது. முதல் வகுப்புத் தபால்தலை ஒட்டியும் மூன்று நாள். என் காலத்தில் இப்படி நடந்திருந்தால் விசாரணை வைத்திருப்பார்கள்.

பையன் நன்றாக இருக்கிறான். ஏழு பவுண்டு இரண்டு அவுன்ஸ். ஜில்லுக்குத் தூக்கமே இல்லை. நான் பாத்திரம் கழுவுகிறேன், துணி காயப்போடுகிறேன். இங்கே கடல் பக்கத்தில் துணி காயவே மாட்டேன் என்கிறது, உப்புக் காற்று. மருமகன் நல்லவன், ஆனால் தேநீரில் பாலை முதலில் ஊற்றுகிறான்.

நீ எழுதிய விஷயத்தைப் பற்றி யோசித்தேன். நேற்று முழுக்க யோசித்தேன். பரிசோதனைக்குப் போய்விடுவதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணில் ஒன்றுமில்லை என்றால் அவர்களே சொல்லிவிடப் போகிறார்கள். ஏதாவது இருந்தால் அதற்கு இப்போதெல்லாம் ஊசி இருக்கிறதாம், ஜில் சொன்னாள். யார் எழுதினார்கள் என்று தேடிக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது? எழுதியவன் உனக்குக் கெடுதல் நினைத்துத்தான் எழுதினான் என்று இல்லை.

ஹெட்லியாக இருக்காது. அவனிடம் எதுவும் கேட்காதே.

ஆட்ரியைப் பற்றிக் கவலைப்படாதே. நவம்பர் 19ஆம் தேதி நான் திரும்பி வருகிறேன். அதன்பிறகு வாரம் மூன்று நாளும் நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். என் சின்ன வண்டிக்கும் வேலை வேண்டாமா? அதுவரை, 24ஆம் தேதியிலிருந்து, பெவ் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டி கொண்டு வருவாள், நான் கேட்டிருக்கிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. துணியை எடுக்க வேண்டும்.

உன்
கிளிஃப்


கெட்டில்கில்
19 அக்டோபர்

கிளிஃப்,

உன் கடிதத்தைப் பூதக்கண்ணாடியில் இருபது நிமிடம் படித்தேன். துணி காய்கிறதா, பால் முதலா தேநீர் முதலா எல்லாம் இருக்கிறது. நான் கேட்ட ஒன்று மட்டும் இல்லை. நான்கு வரி சாட்சி. நான் கரும்பலகையைப் படித்தேன் என்று நான்கு வரி. அதற்கு என்ன யோசனை, நேற்று முழுக்க?

நீ எப்போதுமே இப்படித்தான். சண்டை என்றால் மழுப்புவாய். பரவாயில்லை. வியாழக்கிழமை நடந்தே பப்புக்குப் போகிறேன், இரண்டரை மைல்தானே. பெவ்விடம் எழுதி வாங்கிக்கொள்கிறேன். பலகையில் எழுதியவளே அவள்தான். அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இன்றும் செவ்வாய். இன்றும் போகவில்லை.

பையனுக்குப் பெயர் வைத்தாயிற்றா? நீ அதைக்கூட எழுதவில்லை.

மாரிஸ்


கெட்டில்கில்
22 அக்டோபர்

திரு. கிளிஃபர்ட் பீக்கப் அவர்களுக்கு,

நேற்று மாலை பிளாக் டப்புக்கு நடந்து போனேன். பெவ்விடம் காகிதத்தையும் பேனாவையும் நீட்டி, செப்டம்பர் 30ஆம் தேதி நான் பலகையைப் படித்ததை எழுதிக் கொடு என்றேன். அவள் பேனாவை வாங்கவில்லை. கையிலிருந்த கண்ணாடிக் கோப்பையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஹெட்லிதான் டாமினோவைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"அவளைப் போட்டு ஏன்யா பிடுங்குற? அன்னைக்கு பலகையில ஈரலே இல்ல, மாரிஸ்."

"ஈரல் இல்லாம வியாழக்கிழமையா? நான் சாப்பிட்டேனே."

"சாப்பிட்டே. பலகையில இல்ல. 'அடுப்பு பழுது, இன்னைக்கு சாண்ட்விச் மட்டும்'னு கொட்டை எழுத்துல இருந்துச்சு. அதுக்கு நேரா உக்காந்துக்கிட்டு நீ ஈரல், ஆட்டுக்கால்னு ஒப்பிச்சே. நாங்க யாரும் மூச்சு விடல."

பெவ் அழ ஆரம்பித்துவிட்டாள். "கிளிஃப்தான் அப்படி எழுதச் சொன்னாரு. நீங்க அவமானப்படக் கூடாதுன்னு ரெண்டு தட்டு ஈரலை நான் வீட்டுலயே பண்ணி ஒளிச்சு வெச்சிருந்தேன்" என்றாள். அழுதுகொண்டே எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

ஆக நீங்கள் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. பரீட்சை வைக்கக் கூப்பிட்டிருக்கிறீர்கள். முதுகுவலி பொய். வீட்டில் மறந்த கண்ணாடி பொய். பப்பில் இருந்த பதினோரு பேருக்கும் பலகையில் என்ன இருந்தது என்று தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. எல்லோரும் அமைதியானபோது ஹெட்லி நல்ல டாமினோ கட்டை கையில் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். நான் சத்தமாக வேறு படித்தேன்.

பரீட்சை முடிந்ததும் நீங்கள் இரண்டாவது சுற்று வாங்கினீர்கள். என் முறையை எடுத்துக்கொண்டீர்கள். நீங்கள் காட்டிக் கொடுக்கப் போகும் ஆளின் காசில் குடிக்க உங்களுக்கே கூசியிருக்கும், அதனால்தான்.

பிறகு தபால் பெட்டி. நான் நேற்று இரண்டரை மைல் திரும்பி நடந்து வரும்போது அந்தப் பெட்டி முன்னால் நின்றேன். அன்று நீங்கள் போட்ட கடிதம் எது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கழுத்தை அறுக்கிற கடிதத்துக்கு என் வண்டி விளக்கையே பிடிக்க வைத்தீர்கள். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வாடா, தெரியல" என்றும் சொன்னீர்கள். நான் முன்னால் எடுத்து நிறுத்தினேன்.

அதன் பிறகு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து வீடுவரை வந்தீர்கள். வழியெல்லாம் பேசினீர்கள். என்ன பேசினீர்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆப்பிள் விளைச்சலைப் பற்றி.

அறுபத்திரண்டில் என் கல்யாணத்துக்கு நீங்கள்தான் மாப்பிள்ளைத் தோழன். ஆட்ரியை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தவர் நீங்கள். அவள் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்பது உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்திருக்கிறீர்கள்.

எம். அல்டர்சன்


பிளிமத்
26 அக்டோபர்

மாரிஸ்,

நான் தான். பெவ்வைத் திட்டாதே. நான் தான்.

தடித்த பேனாவில் எழுதுகிறேன், ஜில் பையனின் பெட்டிகளில் பெயர் எழுத வைத்திருக்கும் பேனா. இதை வைத்து உன்னைக் குத்திக் காட்டுகிறேன் என்று நினைக்காதே. இந்த ஒரு கடிதத்தையாவது நீ கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆகஸ்ட் மாதம் சாப்பல் வளைவில் நான் உன் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன், நினைவிருக்கிறதா? வண்டி சுவரை உரசிக்கொண்டு நின்றது. நீ என்னைப் பார்த்துக் கத்தினாய். நான் "ஆடுடா, ஆடு குறுக்க வந்துருச்சு" என்றேன். அது ஆடு இல்லை. டோரீன். சாம்பல் நிறக் கோட்டுப் போட்டுக்கொண்டு கூடையோடு ரோட்டோரம் வந்துகொண்டிருந்தாள். உன் வண்டியின் வலது விளக்குக்கும் அவளுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அவள் சாக்கடைக்குள் விழுந்ததை நான் வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். நீ அதற்குள் கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டாய், ஆடு மேய்க்கிறவனைத் திட்டிக்கொண்டு.

அன்றே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு சொல்லிப் பார்த்தேன், மாரிஸ். கண்ணைக் காட்டு என்று ஐந்து தடவை சொன்னேன். ஒரு தடவை சிரித்தாய், ஒரு தடவை "உன் கண்ணைப் போய்க் காட்டுடா" என்றாய், ஒரு தடவை இரண்டு நாள் பேசவில்லை. ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு வியாழனும் உன் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தேன். என் வலது முழங்கால் வீங்கிவிட்டது. உனக்கு ஏன் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை, இவன் ஏன் இப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருகிறான் என்று? நீயும் யோசித்துப் பார். கண் தெரியாமல் என்னை ஏற்றிக்கொண்டு போனவன் நீ. எனக்கும் வயிறு எரிகிறது.

கரும்பலகை. அது சின்னத்தனம்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் எதற்குச் செய்தேன் என்று கேள். என் நினைப்பு தப்பாக இருக்க வேண்டும் என்று செய்தேன். நீ தலையைத் தூக்கிப் பார்த்து "என்னடி பெவ், வியாழக்கிழமை அதுவுமா சாண்ட்விச்சா?" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். கடிதம் எழுதி கோட்டுக்குள் தயாராக வைத்திருந்தேன். நீ அப்படிக் கேட்டிருந்தால் அங்கேயே கணப்பில் போட்டிருப்பேன். நீ ஈரல் என்றாய். இரண்டாவது சுற்று வாங்கப் போனபோது பெவ் என் கையைப் பிடித்துக்கொண்டு "வேணாம் கிளிஃப், விட்டுருங்க" என்றாள். அவள் சொன்னதைக் கேட்டு விட்டுவிடலாம் என்றும் நினைத்தேன்.

தபால் பெட்டிக்கு நடந்தே போகலாம் என்றுதான் இருந்தேன். மழை என்று நீ ஏற்றிக்கொண்டாய். விளக்கை நீயாகத்தான் அடித்தாய். நான் தடுமாறியதற்குக் காரணம் கண் இல்லை.

பிறகு ஏன் வண்டியில் ஏறினேன் என்று கேட்கிறாய். நீ சுவரில் மோதினால் நானும் உள்ளே இருக்க வேண்டும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

மறுநாள் ஓடிவிட்டேன். பையன் பிறந்தது அக்டோபர் ஏழாம் தேதி. நான் வந்தது ஒன்றாம் தேதி. உன் முகத்தைப் பார்க்க முடியாமல் வந்தேன். பையனுக்கு தாமஸ் என்று பெயர்.

கிளிஃப்


கெட்டில்கில்
3 நவம்பர்

திரு. பீக்கப் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

பரிசோதனை முடிந்தது. உரிமத்தை ரத்து செய்துவிட்டார்கள். வண்டியை லீட்ஸ்காரர்கள் விலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பெவ் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் வந்து வாசலில் நின்றாள். நான் கதவைத் திறக்கவில்லை. நேற்று வண்டி விற்ற காசில் வாடகை வண்டி வைத்து விடுதிக்குப் போய்வந்தேன். ஆட்ரிக்கு மூன்று வாரம் கழித்து என்னைப் பார்த்ததில் கோபம். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். என்ன காரணம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் பெயரைச் சொல்லவில்லை. அவளுக்கு உங்களைப் பிடிக்கும்.

எனக்கு எழுத வேண்டாம்.

எம். அல்டர்சன்


பிளிமத்
9 நவம்பர்

மாரிஸ்,

எழுத வேண்டாம் என்றாய். இது கடிதம் இல்லை, அறிவிப்பு.

19ஆம் தேதி வருகிறேன். 21ஆம் தேதி ஞாயிறு, மதியம் ஒரு மணிக்கு என் வண்டி உன் வாசலில் நிற்கும். ஒரு தடவை ஹாரன் அடிப்பேன். பத்து நிமிடம் பார்ப்பேன். நீ வராவிட்டால் போய்விடுவேன். செவ்வாயும் வருவேன், வெள்ளியும் வருவேன். அடுத்த ஞாயிறும் வருவேன். நாய் துரத்தும் வீட்டுக்கும் தபால் கொடுத்துப் பழகியவன் நான்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நான் செய்தது மறுபடி செய்யத் தக்கதுதான் என்றே இன்னும் நினைக்கிறேன். செய்த விதத்துக்குத்தான் வெட்கப்படுகிறேன். பலகைக்குப் பதில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உன் முகத்தைப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை. அறுபது வருடப் பழக்கத்தில் அதுதான் எனக்கு வராமலே போயிற்று.

கிளிஃப்


கெட்டில்கில்
15 நவம்பர்

திரு. பீக்கப் அவர்களுக்கு,

அறிவிப்பு கிடைத்தது. தடித்த பேனாவில் எழுதியிருந்தீர்கள். கண்ணாடி இல்லாமல் படிக்க முடிந்தது. அதற்காக உங்கள்மேல் இன்னும் கோபம் வந்தது.

நீங்கள் எழுதிய ஆகஸ்ட் மாதக் கதையை நான் நம்பவில்லை. நீங்கள் அன்று ஆடு என்று பொய் சொன்னவர், இப்போது டோரீன் என்று பொய் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அதனால் சனிக்கிழமை அவள் வீட்டுக்கே நடந்து போய்க் கதவைத் தட்டினேன். ஹெட்லி இல்லை. சமையலறையில் உட்கார வைத்தாள்.

"சாப்பல் வளைவில நான் உன்மேல மோத வந்தேனா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப? தேத்தண்ணி குடிங்க" என்றாள்.

"வந்தேனா இல்லையா?"

"வந்தீங்க. டஜன் முட்டை உடைஞ்சுபோச்சு. முழங்கையில நாலு தையல். ஆட்ரி அக்கா அப்படிக் கெடக்கும்போது உங்ககிட்டப் போய் என்ன சொல்றது? ஹெட்லிதான் குதிச்சாரு. வாயை மூடுன்னு நான்தான் சொன்னேன்."

டாமினோவில் தோற்ற கோபம் என்று நான் நினைத்தது அதைத்தான்.

பிறகு அவளாகவே இன்னொன்று சொன்னாள். சொல்லியிருக்க வேண்டாம். "ஊர்ல எல்லாருக்குமே பழகிப்போச்சு மாரிஸ். உங்க வண்டிச் சத்தம் கேட்டா சுவரோரமா ஒதுங்கி நின்னுருவோம். பிள்ளைங்களுக்கும் சொல்லி வெச்சிருக்கு."

இரண்டு வருடமாக நான் வரும்போது எல்லோரும் நின்று வழி விட்டார்கள். நான் மரியாதை என்று நினைத்தேன். ஒவ்வொருவருக்கும் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு போனேன். யாருக்குக் காட்டினேன் என்று எனக்குத் தெரியாது, ஏதோ ஒரு உருவம் நிற்கும், கையைத் தூக்குவேன். இந்த ஊர் முழுக்க சேர்ந்து எனக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. உங்கள் ஒருவர்மேல் இருந்த வயிற்றெரிச்சலை இப்போது எத்தனை பேருக்குப் பங்கு போட்டுக் கொடுப்பது?

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். எதைப் பார்த்தாலும் நடுவில் கட்டைவிரல் அளவு ஒரு அழுக்கு. ஜன்னலைத் துடைத்தால் போகும் என்று முதலில் நினைத்தேன். ஓரங்கள் எல்லாம் நன்றாகவே தெரியும். ஆட்ரியின் முகத்தைப் பார்க்க அவள் காதுப்பக்கமாகப் பார்க்க வேண்டும். வண்டியை விட்டுவிட்டால் அந்தக் காதுப்பக்கமும் வாரம் மூன்று நாள் கிடைக்காது. அதனால் ஓட்டினேன். உங்களை ஏற்றிக்கொண்டும் ஓட்டினேன். நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன், அது என் ஓரக்கண்ணில் தெரிகிற பக்கம்தான். நான் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் சொல்லிவிடுவீர்கள் என்று பயம்.

இதைச் சொல்வதால் நீங்கள் செய்தது சரி என்று ஆகாது. பதினோரு பேர் நடுவில் என்னை ஈரல் ஈரல் என்று ஒப்பிக்க வைத்தீர்கள். அது எனக்கு ஆறாது. ஆறும் என்று நினைத்துக்கொண்டு வர வேண்டாம்.

ஞாயிறு ஒரு மணிக்கு வாருங்கள். ஹாரன் வேண்டாம், நான் வாசலில் நிற்பேன். பின்சீட்டில் உட்காருவேன். போகும்போதும் வரும்போதும் பேச வேண்டாம். ஆப்பிள் விளைச்சலைப் பற்றி நிச்சயமாக வேண்டாம். ஆட்ரியின் அறைக்குள் நாம் எப்போதும்போல் இருப்போம். நீங்கள் அவளிடம் பேரனின் பெயரைச் சொல்லலாம், சந்தோஷப்படுவாள். நான் சிரிக்கிறேன். வெளியே வந்ததும் சிரிப்பு முடிந்தது.

வியாழக்கிழமை பப்பில் எனக்கு எதிரே, நீங்களும் சேர்த்து, யாரும் உட்கார வேண்டாம் என்று பெவ்விடம் சொல்லிவிட்டேன்.

சாப்பல் வளைவில் மட்டும் மெதுவாகப் போங்கள். டோரீன் இன்னும் அந்தச் சாம்பல் நிறக் கோட்டைத்தான் போடுகிறாளாம். கதவுப் பக்கம் மாட்டியிருக்கிறது என்று கையைப் பிடித்துத் தொட்டுக் காட்டினாள். அப்போதும் எனக்குத் தெரியவில்லை.

மாரிஸ்